ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் என்பவரின் பசு

ஜூலை. மொண்டெவிடேயோவில் குளிர்.
ஜன்னல் ரப்பரை ஆற்றுக்காற்று தின்றுவிட்டது.
என் ஒரு கையில் மாத்தேக் குடுவை,
மறுகையில் நாடு முழுதும் மேயும் மாடுகள்,
எண்களாக.

முன்பெல்லாம் எளிது.
பசு என்று கேட்டால் பசு வரும்.
இனம்: ஹியர்ஃபோர்டு.
எடை: நானூற்று முப்பது.
உரிமையாளர்: எவாரிஸ்தோ கமுண்டி.
பெயருக்கு ஒரு மதிப்பு,
காலுக்கு ஒரு செருப்பு மாதிரி.

எவாரிஸ்தோ ஏப்ரலில் செத்துப்போனார்.
4471இல் முடியும் பசுவில்
பாதி மூத்தவள் தெல்மிராவுக்கு.
கால் லிசாந்த்ரோவுக்கு.
இன்னொரு கால், கடல் தாண்டி வீகோ துறைமுகத்தில்
மீன்பெட்டி அடுக்கும் ஃபவுஸ்தோவுக்கு.
பசு சினை.
கன்று மட்டும் முழுதாகத் தெல்மிராவுக்கு என்று
நோட்டரியின் தாளில் கடைசியில் ஒரு வரி.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"தட்டையாக்கு" என்றான் பக்கத்து மேசை அனீபல்.
"உரிமையாளர் ஒன்று, பங்கு ஒன்று,
உரிமையாளர் இரண்டு, பங்கு இரண்டு…"
"நாலாவதாக ஒரு வாரிசு வந்தால்?"
"வராது."
அனீபலுக்கு வாரிசுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் நெளியடைப்பைத் திறந்தேன்.
மதிப்பு இருந்த இடத்தில் ஒரு பட்டியல்,
பட்டியலுக்குள் ஆள்,
ஆளுக்குள் பெயர், பங்கு, முகவரி,
முகவரிக்குள் தெரு, ஊர், கதவெண்.
சினைக்குள் கன்று,
கன்றுக்குள் மறுபடியும் உரிமையாளர்.
முடியும் இடத்தில் ஐந்து அடைப்புகள் வரிசையாய்,
நிலவறைக்கு இறங்கியவள்
ஒவ்வொரு விளக்காய் அணைத்துக்கொண்டு
மேலேறி வருவது போல.
அழகாகத்தான் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, தக்குவரெம்போவில் ஏலம்.
ஏலக்கூடத்துப் பழைய திரைக்கு
ஒற்றைச் சொல் மட்டுமே படிக்கத் தெரியும்.
உரிமையாளர்: ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்.
ஏலக்காரர் இருமுறை கூப்பிட்டாராம்,
"சென்யோர் ஆப்ஜெக்ட்!"
கூட்டம் சிரித்ததாம்.
கடைசி வரிசையில், ஈரக் கம்பளிக்குள்ளிருந்து
தெல்மிரா எழுந்து நின்று
"நான்தான்" என்றாளாம்.
"பாதி நான்."
பசு அன்று விற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம்.
ஃபவுஸ்தோ வீடு மாறினான்.
யாரோ புதுக் கதவெண்ணை மட்டும் அனுப்பினார்கள்.
என் நிரல் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை:
பழைய மதிப்பை அப்படியே எடுத்து வீசியது,
வந்ததை அப்படியே வைத்தது.
அக்கா இல்லை, தம்பி இல்லை, பங்கு இல்லை.
பதினேழு என்ற எண்ணுக்குச் சொந்தமாய்
ஒரு பசு நாற்பது நிமிடம் மேய்ந்தது.

தேடிப் பார்த்தால் இன்னும் கேவலம்.
இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகளில்
அவனுக்குக் கால் பங்கு உண்டு;
இருநூற்றுப் பன்னிரண்டு ஃபவுஸ்தோக்களைச் செய்து
மாட்டுக்கு ஒருவனாய் அடைத்து வைத்திருந்தேன்.
அத்தனை பேரும் பழைய வீட்டில்.

அன்றிரவு ஆட்களை வெளியே எடுத்தேன்.
ஆளுக்கு ஓர் எண், தட்டினால் திறக்கும் தனி வாசல்.
பசுவுக்குள் அவர்களுக்குப் போகும் வழி மட்டும்.
பங்கையும் எடுக்கப் போய்
கை நின்றது.
கால், பசுவை விட்டு வெளியே வந்து
தனியாக எங்கே நடக்கும்?
அது உள்ளேயே இருக்கட்டும்.

கன்றையும் தொடவில்லை.
அது இன்னும் பசுவின் ஒரு குணம்தான்,
நிறம் மாதிரி, எடை மாதிரி.

ஆகஸ்டு கடைசியில், அனீபல் சாப்பிடப் போயிருந்த நேரம்,
வடக்கிலிருந்து ஒரு கோரிக்கை:
புதிதாய் ஒன்றை உருவாக்கு.
காதில் மஞ்சள் வில்லை, எண் புதிது.
தாய்: 4471இல் முடிவது.
அங்கே சினை என்ற இடம் காலி.
இங்கே உரிமையாளர் ஒருத்தி, பங்கு முழுதும்.

பெயர் என்று ஒரு கட்டம் உண்டு,
கட்டாயமில்லை, யாரும் நிரப்புவதில்லை.
தெல்மிரா நிரப்பியிருந்தாள்.
ஆப்ஜெக்ட்.

ஒற்றைச் சொல்.
ஏலத்திரை தடுமாறாமல் படிக்கும்.